ஜன்னலோர மேசை

யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகக் கேண்டீன் நிரம்பி வழிகிறது. ஜன்னலோர மேசை மட்டும் காலி. சிறப்புரையாற்ற மதுரையிலிருந்து வந்த எனக்கென்றே விட்டிருக்கிறார்கள் என்ற பெருமிதத்துடன், பிளேன் டீயும் ரோல்ஸுமாகப் போய் அமர்கிறேன். மொத்தக் கூட்டமும் அமைதியாகிறது. அடடா, என்ன மரியாதை!

ஒரு மாணவி எழுந்து வருகிறாள். "அண்ணை..." என்று தொடங்கியவள், என் வழுக்கையைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறாள். "ஐயா, உது ஃபைனல் இயர் ஆக்களின்ரை மேசை. வேறை ஆர் இருந்தாலும் ஒரு பாட்டுப் பாட வேணும்."

"எங்கேயும் எழுதிப் போடவில்லையே?"

"எழுதிப் போட்டால் ஆர் வந்து இருப்பினம்? பிறகு எங்களுக்கு ஆர் பாடுறது?"

இன்னும் சற்று நேரத்தில் இவர்கள் முன்னால்தான் நான் அறிஞனாக நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்ததோ மகளுக்காக நானே கட்டிய தாலாட்டு. அதை நிறுத்தவே அவள் சீக்கிரம் தூங்கிவிடுவாள்.

எழுந்து பாடுகிறேன். முதல் வரியில் குரல் நடுங்குகிறது. இரண்டாம் வரிக்கு மேசைகள் தாளம் போடுகின்றன. மூன்றாவதில் வரும் 'ஆராரோ'வைப் பிடித்துக்கொண்டு கேண்டீனே சேர்ந்து பாடுகிறது. உடம்பெல்லாம் சிலிர்க்கிறது!

"இனி நீங்களும் எங்கடை ஆள். இருங்கோ."

அப்போது என்னை அழைத்திருந்த பேராசிரியர் வியர்க்க வியர்க்க வந்து எதிர் நாற்காலியில் அமர்கிறார். மறுபடி அமைதி. மாணவிக்கு அவரிடம் கேட்கத் தைரியமில்லை, என்னைப் பார்க்கிறாள்.

"சார், ஒரு பாட்டு..." என்கிறேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். "நானும் இஞ்சைதான் படிச்சனான். படிப்பிக்க வந்தாப்பிறகு உதிலை எத்தனை தரம் இருந்து பார்த்திட்டன், ஒருத்தரும் கேக்கேல்லை!"

தொண்டையைச் செருமுகிறார்.