வண்டி சுற்றிவர ஓர் இடம்

தொகை பெரிதாக ஆக, எஸ்டிமேட் அக்காவின் குரல் சின்னதாகிக்கொண்டே போகும். சாதாரண ரத்தப் பரிசோதனை என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாள். அறுவை சிகிச்சை என்றால் எழுந்து, கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, அடுத்தவர் காதில் விழாதபடி சொல்வாள். கேட்டவர் கையிலிருக்கும் காகிதத்தை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். அப்புறம் எல்லாரும் கேட்பதையேதான் அவரும் கேட்பார்: "கொஞ்சம் குறைக்க முடியாதாம்மா?" அக்காவும் எல்லாருக்கும் சொல்வதையேதான் சொல்வாள்: "அது என் கையில இல்லைங்க." ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்வாய் என்று கேட்டால் அடிக்க வருவாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பேர்தான் எஸ்டிமேட் அக்கா. சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லும் மேசை அவளுடையது. அவள் உட்காரும் சுழல் நாற்காலிக்கு ஒரு வியாதி உண்டு. காலையில் உயரமாக இருக்கும், மதியத்துக்குள் மெல்ல மெல்ல இறங்கி, சாயங்காலம் பார்த்தால் அக்காவின் நெற்றி மட்டும்தான் தடுப்புக்கு மேல் தெரியும். மாற்றிக்கொடுங்கள் என்று மேலாளரிடம் இன்றுவரை கேட்டதில்லை. "அவர்கிட்ட எத்தனை பேர் எத்தனை கேப்பாங்க, பாவம்" என்பாள். கேளுங்கள் கதையை! நாற்காலி கேட்கக்கூட வாய் வராத இந்த அம்மாள்தான் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குக் கல் பதிக்க ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்கப் புறப்பட்டாள்.

கல் பதிப்பது ஆடம்பரத்துக்கு இல்லை. கணவர் நெடுந்தூர லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் படுத்துவிட்டன. சக்கர நாற்காலியை அவர் "வண்டி" என்றுதான் சொல்வார். முன்வாசல் படி இறங்கினால் நேரே தெரு, லாரிகளும் பஸ்களும் உரசிக்கொண்டு போகிற தெரு. பின்பக்கம்தான் கொஞ்சம் வெளி. ஆனால் அது வெறும் மண். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் மேடும் பள்ளமும். ஒரு விடுமுறை நாளில், "வாங்க, கொஞ்சம் காத்து வாங்கலாம்" என்று அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். நாலு தப்படி போவதற்குள் முன்சக்கரம் புதைந்து, வண்டி சாய்ந்து, மனிதர் குப்புற விழுந்தார். அடி பெரிதாக இல்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூட்டையைத் தூக்குவது மாதிரி தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் போட்டார்கள். எத்தனையோ மலைப்பாதைகளில் பாரம் ஏற்றிப்போன மனிதர். அன்றைக்கு அவரே பாரமாகிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம்கூட வருவதில்லை. "என்னைத் தள்ளிட்டுப் போக நான் என்ன காய்கறி வண்டியா?" என்பார். நாக்கு கொஞ்சம் தடுக்கும், ஆனால் இந்த வாக்கியம் மட்டும் தடங்கல் இல்லாமல் வரும். உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் ஒருநாள் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "அவரா வண்டிய ஓட்டிப் பழகணும்க்கா. வீட்டுக்குள்ள திரும்ப இடமில்ல. இப்படியே சுவரைப் பாத்துட்டு இருந்தா இருக்கிற தெம்பும் போயிடும்." கொல்லையில் சமமாகத் தரை வேண்டும். அதுவும் சீக்கிரம் வேண்டும்.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் வாசலில் நின்றபடியே ஒரு தொகையைச் சொன்னார். காதுக்கு இனிப்பான தொகை. இரண்டாவது ஆள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய்ச் சாயங்காலம் இன்னும் இனிப்பாக ஒன்று அனுப்பினார். மூன்றாவதாக வந்த மேஸ்திரிக்கு முழங்கால் வலி. படி இறங்கும்போதே "அம்மாடி" என்றார். மண்ணைக் கிளறிப் பார்த்தார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டார், வீட்டை ஒட்டிய சந்தில் உடம்பைத் திருப்பி நுழைந்து பார்த்துவிட்டு வந்து, "இதுல மெஷின் நுழையாதும்மா. தோண்டுற மண்ணு மொத்தமும் கூடையில சுமந்துதான் வெளிய போகணும், ஜல்லியும் அப்படித்தான் உள்ள வரணும். சுமைகூலி தனி" என்றார். அவர் சொன்ன தொகை மற்ற இரண்டு பேர் சொன்னதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சேமிப்பையும் தாண்டிக்கொண்டு போனது.

அக்கா தேர்ந்தெடுத்தது மேஸ்திரியை.

இந்தச் சேதி கேட்டுப் பெரிய நாத்தனார் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். தம்பிக்காகச் செலவில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னவள் அவள். அதனால் கேட்க உரிமை உண்டு, கேட்கவும் செய்தாள். "உலகத்துல எவளாவது கூடச் சொன்னவனுக்கு வேலையக் குடுப்பாளா? உனக்கு என்ன மூளை கலங்கிப் போச்சா?"

அக்கா துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "கம்மியாச் சொல்றவங்கள நான் தினம் பாக்கறேன் அண்ணி. முதல்ல நல்லாத்தான் இருக்கும். கடைசில பில் வரும்போது அது தனி, இது தனின்னு ஒண்ணொண்ணா எறங்கும். இந்த மனுஷன் ஒருத்தர்தான் சந்துக்குள்ள போய்ப் பாத்தார்."

"சரி, அவனே செய்யட்டும். பேரம் பேசு! வாய் எதுக்கு இருக்கு?"

நாத்தனார் லேசுப்பட்டவள் இல்லை. கத்தரிக்காய்க்காரனிலிருந்து கல்யாண மண்டபக்காரன் வரைக்கும் அவளிடம் தப்பியவர் கிடையாது. அங்கேயே உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். "முதல்ல ஒரு பெருமூச்சு விடு. அப்புறம், வேற ஆளு இதைவிடக் கம்மியாச் சொல்லிருக்காருன்னு இழு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. அவனா எறங்குவான்." அக்கா பஸ்ஸில் போகும்போது உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்தாள். பக்கத்து இருக்கைப் பெண், ஏதோ ஜபம் போலிருக்கிறது என்று தள்ளி உட்கார்ந்தாள். பெருமூச்சுக்கு மட்டும் ஒத்திகை தேவைப்படவில்லை. அது அவளிடம் எப்போதும் கைவசம் உண்டு.

மேஸ்திரி முன்பணம் வாங்க வந்த அன்று, நாத்தனார் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மேஸ்திரி கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். புருவத்தில் சிமெண்ட்தூசி. அக்கா பெருமூச்சு விட்டாள், நன்றாகவே வந்தது. "வேற ஒருத்தர்..." என்று ஆரம்பித்தாள்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, முறைப்பில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த முகம். அதற்கான பதிலை ஏற்கனவே ஆயிரம் தடவை சொல்லி அலுத்துப்போன முகம். அந்த முகத்தை அக்காவுக்குத் தெரியும். தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரி லிஃப்ட் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான் அது.

கதவுக்குப் பின்னாலிருந்து நாத்தனார் செருமினாள். மறுபடியும் செருமினாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் மேஸ்திரி. "எல்லாரும் கேக்கறதுதான."

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் அக்கா. "கூலில கை வைக்க வேண்டாம். அடியில போடற ஜல்லியிலயும் வேண்டாம். வேற எதுல குறைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

மேஸ்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாளியை விட்டு எழுந்தார். பிறகு இரண்டு பேரும் மண்ணில் இறங்கினார்கள். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மேஸ்திரி கோடு கிழிக்க, அக்கா ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தாள். சிவப்பும் சாம்பலும் கலந்த கல் வேண்டாம், வெறும் சாம்பல் போதும். ஓரத்தில் பூவேலைக் கல் வேண்டாம். செடி வைக்கத் திட்டு வேண்டாம். கோடு உள்ளே வந்தது, இன்னும் உள்ளே வந்தது. கடைசியாக, கதவோரம் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடுவதற்கென்று அவள் ஆசையாகக் கேட்டிருந்த இடம் பாக்கி இருந்தது. சாயங்காலம் டீ டம்ளரை வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஓர் ஆசை. வெளியே சொல்லிக்கொள்கிற அளவுக்குப் பெரிய ஆசையும் இல்லை.

"இதையும் எடுத்துட்டா உங்க கையில இருக்கிற தொகைக்குள்ள வந்துடும்மா. ஆனா அப்புறம் நாற்காலி போட முடியாது. வண்டி சுத்தற இடம் மட்டும்தான் இருக்கும்."

"வண்டி நல்லா ஒரு சுத்து சுத்தி வருமா? இடிக்காம?"

"வரும்."

"அப்ப எடுத்துடுங்க."

ஒரு சின்ன வலி, அவ்வளவுதான். அதைப் பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, ஷிஃப்டுக்கு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

வேலை நடந்த நாட்களில் வீடு முழுக்கத் தூசி. கூடை கூடையாக மண் சந்து வழியே போனது, கூடை கூடையாக ஜல்லி வந்தது. மேலே மணல் பரப்பி, அதற்கும் மேலே கல்லைப் பதித்து, அமுக்கும் சின்ன இயந்திரத்தைச் சந்து வழியே தூக்கிவந்து ஓட்டினார்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது. உள்ளே கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யார் வீட்டுக் காசு?" என்று ஒருமுறை கேட்டார். "நம்ம வீட்டுக் காசுதான், பேசாம இருங்க" என்றாள் அக்கா. மேஸ்திரி கிளம்பும்போது கதவுக்கும் தரைக்கும் நடுவே சரிவாக ஒரு துண்டு கட்டிக்கொடுத்தார். அதற்குக் காசு கேட்கவில்லை. இவளும் ஏன் என்று கேட்கவில்லை.

நாத்தனார் வந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பார்த்தாள். நடை சீக்கிரமே முடிந்துவிட்டது. "இத்தனூண்டு இடத்துக்கா அவ்வளவு குடுத்த?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மிச்சத் தூசியைக் கூட்டப் போனாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. வெயில் நன்றாக ஏறியபிறகு, மல்லுக்கு நின்று, கெஞ்சி, கடைசியில் "உங்களுக்காக இல்ல, எனக்காக வாங்க" என்று சொல்லி அவரைக் கதவு வரைக்கும் கொண்டுவந்தாள். சரிவில் இறக்கினாள். சக்கரம் கல்லைத் தொட்டதும் கைப்பிடியைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. அவர் கழுத்தைத் திருப்பாமலே, "விடு" என்றார்.

விட்டாள்.

இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்தி, வண்டி கோணலாக நகர்ந்தது. சுவரை நோக்கிப் போனது. "பாத்து!" என்று கத்த வந்ததை அக்கா மென்று விழுங்கினாள். சுவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்று, பின்னால் வந்து, திரும்பியது. மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். புதைய இடமில்லை, சாய இடமில்லை. மூன்றாவது சுற்றில் அவர் உதட்டைக் குவித்து மெதுவாக ஹாரன் அடித்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாள் என்றே சொல்லலாம், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கால்கள் கடுத்தன. ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கல் இதமான சூட்டில் இருந்தது. கொஞ்சம் சாய்ந்தாள். பிறகு செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு, பட்டப்பகலில், வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்து நீட்டிப் படுத்தேவிட்டாள். அடுப்பில் ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி மேசைக்கு முன்னால் யாரும் காத்திருக்கவில்லை. இரண்டு மூச்சு விடுவதற்குள் தூங்கிப்போனாள். அப்படி ஒரு தூக்கம், வாய் லேசாகத் திறந்து, அசைவே இல்லாமல்.

வெயில் கூரைக்கு மேல் வந்து அவள் முகத்தில் நேராக அடித்தது. தூக்கத்திலேயே கண்ணைச் சுருக்கினாள். அவர் வண்டியை நிறுத்தி அவளையே பார்த்தார். சூரியனைப் பார்த்தார். சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார், காலால் உந்தித் திருப்பினார், போதவில்லை, மறுபடி முன்னால் எடுத்து, நெருக்கடியான இடத்தில் லாரியை ஒடித்து நிறுத்துவது மாதிரி அங்குலம் அங்குலமாக நகர்ந்துவந்தார். அவருடைய நிழல் அவள் தோளில் ஏறி, கழுத்தில் ஏறி, முகத்தை மூடியது. கையை எட்டி பிரேக்கைப் போட்டார்.