ஆடிச்சுற்றில் மகளைத் திரும்பப் பெற்றேன்

என் மகள் பிளஸ் டூ படித்த அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததாக ஞாபகம் இல்லை. டிவியைத் துணி போட்டு மூடிவிட்டோம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு, கை நனைக்காமல் பஸ் ஏறிவிடுவேன். எல்லாம் ஒரு மெடிக்கல் சீட்டுக்காக.

நான் சங்கரன்கோவிலில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பொறுமை எனக்கு மருந்துக்கும் கிடையாது. பஸ் நிற்பதற்குள் இறங்குகிற ஆள். பந்தியில் சாம்பார் வருவதற்குள் ரசம் கேட்கிற ஆள். எங்களுக்கு ஒரே பிள்ளை. அம்மனிடம் வேண்டிப் பெற்றதால் கோமதி என்று பெயர் வைத்தோம். எங்கள் ஊரில் அது பெரிய விசேஷமில்லை. தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

டாக்டராக வேண்டும் என்பது அவளுடைய ஆசையும்தான். ஆனால் அந்த ஆசை எப்போது பயமாக மாறியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. தோசையைப் பிய்த்துக் கையிலேயே வைத்திருப்பாள், வாய்க்குப் போகாது. மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டால், துணி எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போவாள். முகம் வீங்கித் திரும்பி வருவாள். துணி கொடியிலேயே கிடக்கும்.

ஒரு நாள் காலையில் பைக்கில் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"அப்பா, சீட்டு கிடைக்கலேன்னா என்ன செய்வீங்க?"

"காலையிலேயே என்ன பேச்சு பேசுத? எல்லாம் கிடைக்கும். பேசாம வா."

அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை.

நீட் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தபோதே அவள் கண் சிவந்திருந்தது. வந்த மதிப்பெண்ணோ இரண்டும் கெட்டான். கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது, கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. உறவுக்காரர்கள் போன் போட்டு, "என்ன அண்ணாச்சி, பாப்பா எவ்வளவு?" என்று கேட்பார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அந்த நிலைமையில்தான் கோயிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறியது. சிவனையும் திருமாலையும் ஒரே உருவாகக் காண வேண்டும் என்று எங்கள் கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். கொடியேறிய நாள் முதல் பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் அவளுடைய கால்வலியில் கொஞ்சம் நாமும் வாங்கிக்கொள்கிறோம் என்பது எங்கள் நம்பிக்கை. அதுதான் ஆடிச்சுற்று. "சீட்டைக் கொடு தாயே, மூன்று பேரும் சுற்றுகிறோம்" என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் மூன்று பேரும் சுற்றிக்கொண்டிருந்தோம். கூட்டம் நெருக்கித் தள்ளியது. வழக்கம்போல நான் எல்லாரையும் முந்திக்கொண்டு முன்னால் போனேன். திரும்பிப் பார்த்தால் என் மனைவி செல்வி மட்டும் வருகிறாள்.

"எங்கட்டி, பிள்ளையக் காணும்?"

"உங்ககூட வாரான்னுல்லா நெனச்சேன்!"

செல்வி கூப்பிட்டுப் பார்த்தாள், கோமதியின் போன் அணைந்திருந்தது. அப்போதுதான் என் போனை எடுத்துப் பார்த்தேன். கலந்தாய்வு முடிவு வந்திருந்தது. அவளுக்கு இடம் இல்லை.

செய்தித்தாளில் படித்ததெல்லாம் கண் முன்னால் வந்தது. ஓடினேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு ஓடினேன். "கோமதி! கோமதி!" என்று கத்தினேன். கைக்குழந்தையோடு ஒருத்தி திரும்பினாள். பாவாடை கட்டிய சிறுமி திரும்பினாள். வயதான அம்மா ஒருவர், "என்னய்யா?" என்றார். என் கோமதி திரும்பவில்லை.

ஒரு சுற்று ஓடி வந்ததும் செல்வி என் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

"ஓடாதீங்க. ஓடுனா எல்லாரு முதுகும்தான் தெரியும். நின்னாத்தான் முகம் தெரியும். இங்கனயே நில்லுங்க. சுத்துதான்னா இந்தப் பக்கம் வந்துதான ஆகணும்?"

"சுத்தலேன்னா?"

அவள் வாசலில் நின்ற போலீஸிடம் சொல்ல ஓடினாள்.

ஒரு தூணோரம் நின்றேன். என் ஆயுசில் நான் அப்படி நின்றதில்லை. முகங்கள் வந்துகொண்டே இருந்தன. அவள் உயரத்தில் ஒருத்தி, அவள் சுடிதார் நிறத்தில் ஒருத்தி. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு எழும்பி விழுந்தது. கால் கடுத்தது. சும்மா நிற்பது இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "தாயே, டாக்டர் வேண்டாம். சீட்டு வேண்டாம். நான் கேட்டது எதுவும் வேண்டாம். நீ கொடுத்ததை மட்டும் திருப்பிக் கொடு" என்று வாய்விட்டே அழுதேன். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வந்தாள். நெற்றியில் பூசிய கோயில் பிரசாதப் புற்றுமண் வியர்வையில் கரைந்து வழிய, துப்பட்டா முனையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் மகள் வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதினார்கள்.

"கிடைக்கலப்பா."

"போகட்டும் மக்கா. அப்பா இங்கனதான நிக்கேன்."

என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கயாவது போயிரலாம்னுதான் பாத்தேம்பா. வாசல் பக்கம் வரும்போதெல்லாம் கூட்டம் உள்ளயே தள்ளிட்டுப் போயிட்டு."

கூட்டம்தான் தள்ளியது. ஆனால் யாருடைய கை அது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சுற்றுக் கலந்தாய்விலும் சீட்டு கிடைக்கவில்லை. பொய் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த எனக்கு மனமில்லை. இப்போது திருநெல்வேலியில் பி.எஸ்சி. படிக்கிறாள். கூடப் படித்த தோழி வெள்ளைக் கோட்டோடு எடுத்த படம் போனில் வந்தால் இன்னும் அவள் முகம் வாடுகிறது. அந்தத் துக்கம் எங்களோடுதான் இருக்கிறது. ஆனால் பிள்ளை சாப்பிடுகிறாள். மதிப்பெண்ணைப் பற்றி நான் கேட்பதில்லை. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பதறிக்கொண்டிருக்கும் அப்பா அம்மா யாராவது இருந்தால், உங்களிடம் ஒன்றே ஒன்று. வேண்டிக்கொள்ளுங்கள், அம்மன் கேட்பாள். சீட்டைக் கேட்பதற்கு முன்னால் பிள்ளையைக் கேளுங்கள்.

போன ஆடிக்குக் கோமதி தானாகவே சுற்ற வந்தாள். நான் தண்ணீர் பாட்டிலோடு அதே தூணோரம் நின்றேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, கூட்டத்துக்குள் நுழைகிறபோது திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, அங்கனயே நில்லுங்க. சுத்திட்டு வாரேன்."

நின்றேன்.