அன்று நான் செபிக்கவில்லை

என் கணவரின் உடலோடு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திண்டுக்கல்லுக்குத் திரும்பும் வழியில், கொடைரோடு பக்கம் ஆம்புலன்ஸை நிறுத்தி, டீ வேணுமாம்மா என்று டிரைவர் கேட்டார். வேணும் என்றேன். குடித்தேன். சீனி கொஞ்சம் அதிகம் என்று பட்டது. அந்த நாளில் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்தது. மகன் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போனான். வேலைக்குப் போகும் பிள்ளை, எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பான். நானும் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். தனியாக இருக்கத் தெரியாதவள் இல்லை. சமைத்தேன், துணி துவைத்தேன், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டத்துக்கும் போனேன். எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் கூட்டம் அது. பல வருடமாக அதை நடத்தியவள் நான். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் செபிக்கச் சொல்வார்கள். நான் செபித்தால் ஆட்கள் அழுதுவிடுவார்கள். இப்போது, காரியம் முடிந்த கையோடு வந்துவிட்டேன் என்று, டீச்சருக்கு எம்புட்டு விசுவாசம் பாரு என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் கிழமையில் அங்கே போய்ப் பழகிவிட்டது, அதனால் போனேன். அதை அவர்களிடம் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா ஒருத்தி உண்டு. அவளுடைய தங்கை ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தாள். தங்கையின் மருமகளுக்குத் தலைப்பிரசவம் ஆகி, ஆண் குழந்தை. பெற்றதிலிருந்து அந்தப் பெண் யாரோடும் பேசுவதில்லை, பிள்ளையைத் தூக்குவதில்லை, சோறு வைத்தால் வைத்தபடி இருக்கிறது என்றாள் தையல்கார அக்கா. டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். பேய்க்கோளாறு என்று ஊரில் சொல்கிறார்கள், முதலில் டீச்சர் வந்து செபிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் தங்கை என்றாள். சரி, வாரேன் என்றேன். மறுப்பதற்கும் ஒரு மனசு வேண்டும்.

பழனி பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கினோம். முருங்கைத் தோட்டத்தை ஒட்டி வீடு. கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறைக் கட்டிலில் அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் அவள் அருகே போய்ச் சிலுவை அடையாளம் போட்டேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வார்த்தை வரவில்லை. புத்தகம் பார்க்காமல், நினைத்த நேரத்தில் செபித்தவள் நான். வாயைத் திறந்தேன், ஒன்றும் இல்லை. ஆண்டவரே என்று ஒரு சொல்கூட எழவில்லை. வெட்கமோ பயமோ வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. செபமாலை சொல்லுங்கள் என்று வெளியே குரல் கொடுத்தேன். அவர்கள் ஆரம்பித்தார்கள்.

பாதியில் தொட்டிலில் பிள்ளை அழுதது. செபத்தின் நடுவில் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். செத்த நேரத்தில் அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எனக்குச் செபிக்கத்தான வந்தீங்க?" என்றாள். ரொம்ப நாள் பேசாத குரல்.

"அதுக்குத்தான் வந்தேன். வார்த்தை வரல தாயி."

ஏன் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார், அதிலிருந்து எதுவும் உள்ளே இறங்குவதில்லை என்றேன். இதை நான் என் மகனிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. புள்ளையப் பாத்தா யாரோ வச்சுட்டுப் போன பொருள் மாதிரி இருக்கு. இதை வெளிய சொன்னா என்னைய என்ன நினைப்பாக?"

வெளியே செபமாலையில் அருள் நிறைந்த மரியே செபம் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் அவளுடைய மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டு, இது பேயும் இல்லை பிசாசும் இல்லை, பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி ஆகும், விடிந்ததும் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள் என்றேன். செபத்தில் ஆண்டவர் காட்டினாரா டீச்சர் என்று அந்த அம்மா கேட்டார். இல்லை, உங்கள் மருமகளே சொன்னாள் என்றேன். அவள் பேசினாள் என்று கேட்டதும் அந்த அம்மா அழுதுகொண்டே என் காலில் விழப்போனார். பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நானும் கூட இருந்தேன். மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா அந்தப் பெண்ணிடம் நெடுநேரம் பேசி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் அவள் என் வீட்டுக்கு வருவாள். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டோம். மழைக்காலம் வருவதற்குள் அவள் தேறிவிட்டாள். பிள்ளையின் கன்னம் உப்பிவிட்டது.

எங்கள் கோயில் திருவிழாவில் பூசை முடிந்ததும் சாட்சி சொல்ல அந்த மாமியார் மைக் முன்னால் வந்தார். டீச்சர் தலையில் கை வைத்தார், என் மருமகள் வாய் பேசினாள் என்றார். கூட்டம் கைதட்டியது. பங்குச்சாமியார் என்னை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

முன்பும் இப்படி நின்றிருக்கிறேன். எல்லா மகிமையும் ஆண்டவருக்கே என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். நன்றாகப் பழகிய வாக்கியம் அது. அன்று அதைத் தேடவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் செபிக்கல. வாயில வார்த்தை வரல. புள்ளைய மடியில வச்சிருந்தேன், அம்புட்டுத்தான். பேசினது அந்தப் பொண்ணு. மருந்து குடுத்தது டாக்டர். எங்கிட்ட அன்னைக்கு ஒண்ணுமே இல்ல. நன்றி சொல்லணும்னா ஆண்டவருக்குச் சொல்லுங்க."

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். இதுதான் தாழ்ச்சி, டீச்சரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் சாமியார். நான் படி இறங்கி என் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பெருமையாகவும் இல்லை, சங்கடமாகவும் இல்லை. எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ள அந்த வேலையில் எதுவும் இருக்கவில்லை. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அசனத்துக்கு, அதாவது திருவிழாப் பொதுச்சாப்பாட்டுக்கு, பந்தி போட்டிருந்தார்கள். அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இலை போட்டதும் சொன்னாள்.

"நீங்க செபிக்கலன்னு எனக்குத் தெரியும் டீச்சர். நான் அன்னைக்கு ராத்திரி உங்களுக்காகச் செபிச்சேன். எனக்குன்னு கேக்க வாய் வரல. உங்களுக்குன்னா வந்துச்சு."

என்ன கேட்டாய் என்றேன்.

"அவுகளுக்கு ஒரு நல்ல தூக்கம் குடுன்னு கேட்டேன்."

அன்றிரவு தூங்கினேனா என்று எனக்கு நினைவில்லை. அவளிடம் அப்படியே சொன்னேன். பரவாயில்லை டீச்சர், தினமும் கேட்கத்தான் செய்கிறேன் என்றாள். பரிமாறுகிறவர் வந்தார். சாப்பிட்டோம். சோறு சூடாக இருந்தது.

இப்போது அன்பியத்தைத் தையல்கார அக்காதான் நடத்துகிறாள். நான்தான் கேட்டுக்கொண்டேன். செபத்தைப் போனில் பார்த்துத் திக்கித் திக்கி வாசிக்கிறாள், பெயர்களை மாற்றிச் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாள். யாரும் அழுவதில்லை. நான் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து, ஆமென் வரும் இடத்தில் ஆமென் சொல்கிறேன். யாராவது ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிட்டால் போகிறேன். உள்ளே இன்னும் பெரிதாக எதுவும் அசையவில்லை. செய்ய வேண்டியது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.