நாய்வாலன் நெல்லின் நாற்பது கோடி எழுத்து

காரோட்டு வயலில் சரோஜம் விளைவிக்கும் நெல்லுக்கு நாய்வாலன் என்று பெயர். மணியின் நுனியில் வால் நீண்டிருக்கும். பத்து நாள் வெள்ளம் நின்றாலும் அழுகாது. சரோஜத்தின் பிடிவாதமும் அதே ரகம்.

நெல் ஆராய்ச்சி செய்யும் நந்தனா விதை கேட்டு வந்தபோது சரோஜம் கிண்ணம் நிறையக் கொடுத்தாள். தூவவோ கொடுக்கவோ விதை எடுத்தால், பக்கத்து வயல் விதையிலும் ஒரு பிடி சேர்ப்பது அங்கே வழக்கம். அறுப்பில் வால் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். நந்தனாவின் கிண்ணத்திலும் பக்கத்து வயல் செல்லையனின் நெல்லை வஞ்சகமில்லாமல் இரண்டு பிடி போட்டாள்.

அங்கேதான் வந்தது வினை.

"சேச்சி, இதில ரெண்டு நெல்லு கலந்து கெடக்கு!" போனில் நந்தனா அலறினாள். "நெல்லுக்க ஜீனோம், அதாவது அதுக்க பரம்பரைக் குறிப்பு முழுசும் எழுத்து எழுத்தா படிக்கணும்னா ஒத்தச் செடி வேணும். நாளைக்கு வாறேன். சுத்தமான செடி இல்லேன்னா ஒங்க நெல்லு ஆராய்ச்சி லிஸ்டுல இல்ல."

சரோஜம் வயலைப் பார்த்தாள். வயலிலும் கலப்பு. வாலைப் பார்க்கலாமென்றால் கதிர் வர இன்னும் ஒரு மாதம்.

விடிந்ததும் சேற்றில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு இலை இலையாகத் தடவினாள்.

"ஏட்டி, நெல்லுக்குத் தல வாரி விடுதியா?" வரப்பிலிருந்து செல்லையன் சிரித்தார்.

"சும்மா இரும் அண்ணே. களை பறிச்ச கையாக்கும் இது. நாய்வாலனுக்க இலை அரம் மாதிரி பிராண்டும். ஒமக்க நெல்லு வெறும் வெண்ணெ."

"எனக்க நெல்லு மரியாதையுள்ள நெல்லு!"

நாற்பது செடி தாண்டியபோது விரலில் ரத்தம் துளிர்த்தது. "இதாக்கும்!" என்று துள்ளினாள்.

வந்து சேர்ந்த நந்தனா அந்தச் செடியின் இளம் இலையை வெட்டி, திரவ நைட்ரஜன் குடுவைக்குள் போட்டாள். வெள்ளைப் புகை பொங்கியது. "எலே, தீ!" என்று செல்லையன் வரப்பிலிருந்து வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். "தீயில்ல மாமா, ஐஸுக்கும் அப்பன்," என்றாள் நந்தனா.

அடுத்த மூன்று வாரமும் சரோஜம் குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கீழே வைக்கவில்லை. வயலில் நிற்கும்போதுதான் அது அடித்தது.

"சேச்சி, சுத்தம்! கலப்பே இல்ல. நாப்பது கோடி எழுத்தும் கெடச்சாச்சு. வெள்ளத்தத் தாங்குற ரகசியம் அதுல எங்க இருக்குன்னு இனி தேடலாம்!"

சரோஜம் போட்ட கூச்சலில், பாம்பென்று நினைத்துச் செல்லையன் கம்போடு ஓடி வந்தார்.

"நாப்பது கோடி எழுத்து அண்ணே! அம்புட்டும் எனக்க நாய்வாலன்!"

"நீ மூணாங்கிளாசு. ஒனக்கு யாருட்டி வாசிச்சுச் சொல்லுவா?"

"வாசிக்கவா? நான் தொட்டே சொன்னவளாக்கும்!"

சொல்லிவிட்டு, இலை கொடுத்த அந்தச் செடி அறுப்பில் கலந்துவிடாமல் இருக்க, அதைச் சுற்றி நான்கு குச்சி ஊன்றினாள். செல்லையனும் தன் கம்பைப் பக்கத்தில் ஊன்றினார்.