மஞ்சள் பட்டால் திருப்பி எடுக்கப்படாது

பார்சலைப் பிரித்ததும் முதலில் வந்தது மணம்தான். துணி மணம் இல்லை. வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக் வாளிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தது போல ஒரு மணம். ஆறு வருடம் துணிக்கடையில் நின்றவள் நான். அந்த மணத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் அதற்குள் அக்கா மஞ்சள் வைத்துவிட்டாள்.

இதை ஆறுதலாக, முதலில் இருந்து சொல்ல வேண்டும். ஆறுதலாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை என்பது வேறு. நடந்து இரண்டு மாதமாகிறது, இன்னும் அந்தக் கைபேசிப் படத்தை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். கோபத்தில் ஏதாவது முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலபோக அறுவடை நேரம் அத்தானை வயலில் புடையன் பாம்பு கடித்தது. மல்லாவி ஆஸ்பத்திரியில் இருந்து கிளிநொச்சிக்கு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று வற்றாப்பளை அம்மனை நினைத்து ஒரு சொல் கொடுத்தாள்: இந்த மனுசன் எழும்பி நடந்தால் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு பட்டுச் சேலை. அத்தான் எழும்பினார். மெலிந்து, தடி ஊன்றி, ஆனால் எழும்பினார். அதற்குப் பிறகு அக்காவுக்கு அந்தச் சேலையைத் தவிர வேறு நினைப்பு இருக்கவில்லை. கொடுத்த சொல்லைக் காப்பாற்றாவிட்டால் கொடுத்ததை அம்மன் திருப்பி எடுத்துவிடுவா என்று அவளுக்குள் ஒரு பயம். வெளியே சொல்லமாட்டாள். அத்தான் இருமினாலே முகம் மாறும்.

கிளிநொச்சிக்குப் போய்க் கடையில் பார்த்து வாங்குவோம் என்றுதான் அக்கா சொன்னாள். கேட்காதவள் நான். பஸ்ஸுக்கு நின்று, போய், வர ஒரு பகல் போய்விடும், அத்தானைத் தனியே விட ஏலாது, எல்லாம் இப்போது கைபேசியிலேயே வருகிறது என்றேன். உண்மைக் காரணம் அது இல்லை. என்னுடைய வாய்க்கொழுப்பு. "எத்தினை வருசம் துணிக்கடையிலை நிண்டனான், எனக்குச் சீலை பாக்கத் தெரியாதோ?" என்று அக்காவிடம் சொன்ன வாயை இப்போது நானே தைத்துக்கொள்ளலாம். நல்ல நூலும் ஊசியும் இருக்கிறது.

முகநூல் பக்கம் ஒன்றில் பார்த்த சேலை. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. சும்மா வாங்கவில்லை, விசாரித்துத்தான் வாங்கினேன். அசல் பட்டோ? ஓம் அக்கா. சரிகை நெய்ததோ, அச்சடித்ததோ? நெய்தது அக்கா. சாயம் போகுமோ? போகாது அக்கா. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ரோசாப்பூப் படம். அந்த இடத்திலேயே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். கேட்ட கேள்விக்கெல்லாம் நல்ல பதிலே சொல்கிறவன் துணியை விரித்தே பார்த்திருக்கமாட்டான். மாணிக்கத்தார் என்றால் ஒரு கேள்விக்காவது இல்லை என்று சொல்லியிருப்பார்.

மாணிக்கத்தார்தான் என் முதலாளி. இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, மல்லாவியில் கிடுகுக் கூரைக்குக் கீழே துணிக்கடை போட்டவர். எனக்கு அப்போது இருபது வயது. சண்டையில் பாதை பூட்டின காலம். துணி வருவதே அருமை. வந்த எதையும் வந்த விலைக்கு விற்கலாம். ஓட்டைத் துணியைக் கூடச் சனம் வாங்கும். அப்படிப்பட்ட காலத்தில் அந்த மனுசன் ஒரு சேலை விற்க அரை மணித்தியாலம் எடுப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

யார் வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஆருக்கு?" என்ன விலையில், என்ன நிறத்தில் என்பதெல்லாம் பிறகு. அம்மாவுக்கு என்றால் ஒரு அடுக்கில் கைவைப்பார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு என்றால் வேறு அடுக்கு. கோயில் நேர்த்திக்கு என்று யாராவது சொன்னால் உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வருவார். பிறகு சேலையை முழுதாக விரித்து, ஒரு தலைப்பை என் கையில் தந்து, வாசல் வெயிலுக்குக் கொண்டுபோவார். கரையைப் புரட்டிப் பின்பக்கம் காட்டுவார். முந்தானையில் ஒரு நூல் இழுத்து நெருப்புக் குச்சியில் பிடிப்பார். பட்டு என்றால் தலைமுடி கருகும் மணம் வந்து சாம்பலாக உதிரும். பிளாஸ்ரிக் நூல் என்றால் சுருண்டு கறுப்பு மணியாகும். நனைத்த வெள்ளைத் துணியால் கரையைத் தேய்த்துச் சாயம் பார்ப்பார். பிழை இருந்தால் அவரே காட்டுவார், "இந்தா, இதிலை ஒரு இழை விட்டிருக்கு, வேணுமெண்டா எடுங்கோ." நான் ஒருநாள் அவரைப் போலவே நூல் கொளுத்தப் போய், நூலோடு சேர்த்து என் தாவணி முனையையும் கொளுத்திக்கொண்டேன். மூன்று நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் படம் அனுப்புகிற வழக்கம் அப்போதும் இருந்தது. அதைப் பற்றி ஒருமுறை கதை வந்தபோது, "படத்தைப் பாத்துப் பொம்பிளை எடுக்கலாம் பிள்ளை, சீலை எடுக்கேலாது," என்றார். நான் அதைப் பகிடி என்று நினைத்தேன்.

கடைச் சுவரில் மட்டை ஒன்று தொங்கும். அவருடைய கையெழுத்தில் ஒரே வரி: மஞ்சள் பட்டால் திருப்பி எடுக்கப்படாது. எங்கள் வீடுகளில் புதுத் துணி வந்தால் ஒரு மூலையில் மஞ்சள் தடவாமல் உடுப்பதில்லை. தடவினால் அது அந்த வீட்டுத் துணி. தடவும் வரைக்கும் அது கடைத் துணி. ஒரு கிழமை கழித்துக் கொண்டுவந்தாலும், இடம்பெயர்ந்து அலைந்து நாலு மாதம் கழித்துக் கொண்டுவந்தாலும் எடுப்பார். காரணம் கேட்கமாட்டார். மூலையை மட்டும் பார்ப்பார்.

ஆகவே அக்காவில் பிழை சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்த துணி என்றால் ஏற்கெனவே வெயிலில் விரித்துப் பார்த்த துணி; இனி அதற்கு மஞ்சள் வைப்பதுதான் வேலை. அவள் கை படித்த ஒழுங்கு அது. அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுவந்தவரிடம் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "காசு தந்தாப் பிறகுதான் அக்கா. எனக்கும் அப்பிடித்தான் சொல்லியிருக்கினம்," என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார் பாவம். காசைக் கொடுத்தேன். நான் கத்தரிக்கோலால் உறையை வெட்டி எடுக்க, அக்கா முழுகி, ஈரத் தலையோடு, கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்துக்கொண்டு நின்றாள். அம்மனுடைய சேலை அல்லவா. மடிப்புக் கலையாமல் மூலையில் தொட்டுவைத்துக் கண்ணை மூடினாள்.

பிறகு விரித்தோம். அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாக இருந்தது. சரிகை அச்சடித்த சரிகை. நகத்தால் சுரண்டினால் உமி போல உதிர்ந்தது. நீளம் ஒரு முழம் குறைவு. ஒரு நூலை இழுத்துக் கொளுத்தினேன். சுருண்டு கறுப்பு மணியாகி என் விரலில் ஒட்டிக்கொண்டது. கதிரையில் இருந்த அத்தான் உள்ளே எட்டிப் பார்த்து, சேலை வந்துவிட்டதோ என்று கேட்டார். "ஓம், நல்ல வடிவு," என்று சொல்லிவிட்டு அக்கா அதை அவசரமாகச் சுருட்டினாள்.

பொங்கலுக்கு நாலு நாள். அந்த முகநூல் பக்கத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். வாங்கும் வரை அக்கா, ரோசாப்பூ. இப்போது பேசிய பிள்ளைக்கு நான் அன்ரி. பிரிக்கும்போது நிறுத்தாமல் வீடியோ எடுத்தேனோ என்று கேட்டாள். இல்லை என்றேன். வீடியோ இல்லாமல் சேலையைத் திருப்பி எடுக்க ஏலாதாம், சரி, படம் அனுப்புங்கோ என்றாள். நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினேன். திரும்ப அழைத்தாள்.

"மூலையிலை கறை கிடக்கு அன்ரி. பாவிச்ச சாமான் நாங்கள் எடுக்கிறேல்லை."

"அது கறையில்லைப் பிள்ளை, மஞ்சள். அம்மனுக்கெண்டு வைச்சது."

"மஞ்சளோ கறியோ, எங்களுக்குக் கறை எண்டாக் கறைதான் அன்ரி."

தமிழ்ப் பிள்ளைதான். அவளுடைய வீட்டிலும் தீபாவளிக்கு மஞ்சள் வைத்திருப்பார்கள். அவளும் சம்பளத்துக்கு நிற்கிறவள், எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறாள் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவள் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? மஞ்சள் பட்டால் எடுப்பதில்லை என்பதில் இல்லை. அது மாணிக்கத்தாருடைய சட்டமும்தானே. ஆனால் அவர் வெயிலில் விரித்துக் காட்டிவிட்டு அந்தச் சட்டத்தைச் சொன்னார். இவர்கள் காசை வாங்கும் வரை துணியைத் தொடவிடாமல் வைத்திருந்துவிட்டுச் சொல்கிறார்கள். நான் கள்ளி இல்லை என்று நானே வீடியோ பிடித்து நிரூபிக்க வேண்டுமாம். அவர்கள் படம் பிடித்துப் பொய் சொன்னதற்கு ஒரு வீடியோவும் தேவையில்லை. சனத்தைக் கள்ளர் என்று முதலே எழுதிவைத்துக்கொண்டு யாவாரம் செய்கிறார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

அன்றைக்குப் பின்னேரம் கிணற்றடியில் இருந்தபோதுதான் அந்தச் சேட் நினைவுக்கு வந்தது. எத்தனையோ வருடமாக நான் நினைக்காமல் வைத்திருந்தது அது.

துணுக்காய்ப் பக்கம் இருந்து ஒரு அம்மா வந்து வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு போட்ட சேட் ஒன்று வாங்கினா. "ஆருக்கு?" மகனுக்கு. கச்சேரியில் அரசாங்க வேலை கிடைத்திருக்கிறது, முதல் நாள் போட. மாணிக்கத்தார் மூன்று சேட் விரித்து அதில் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார். ஒன்றரை மாதம் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தா. சேட் அதே மடிப்பில், குத்தியிருந்த ஊசி கூடக் கழற்றாமல். அளவு காணாதோ அம்மா என்று கேட்டேன். அவா என்னைப் பார்க்கவில்லை. நான் வாங்கிக் கொலரைப் புரட்டினேன். உட்பக்கம் மஞ்சள்.

எனக்குப் பெரிய சந்தோசம். கெட்டிக்காரி அல்லவா, கண்டுபிடித்துவிட்டேன். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன், "முதலாளி, இதிலை மஞ்சள் கிடக்கு."

அவர் எழும்பி வந்து சேட்டை வாங்கினார். வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்க் கொலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இழை விட்டால் எட்ட நின்றே காண்கிற மனுசன்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே, பிள்ளை," என்றார்.

அந்த அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவா இளைய மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டைக்கு வெள்ளைத் துணி கேட்டா, வெட்டிக் கொடுத்தார். அவா போன பிறகுதான், பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் வந்து சொன்னார்: வேலைக்குப் போக இரண்டு நாள் இருக்க, சைக்கிளில் வந்த பெடியன் வழியில் செல் குண்டு விழுந்து செத்துப்போனானாம். மாணிக்கத்தாருக்கு அது முதலே தெரிந்திருந்தது. ஆருக்கு என்று கேட்டு விற்றவர், கேள்விப்பட்டபோது அந்தச் சேட்டையும் நினைத்திருப்பார். அதை அவர் பிறகு விற்கவில்லை. மேசைக்குக் கீழே, அடி அடுக்கில், நான் கடையை விட்டுப் போகும் வரை அப்படியே கிடந்தது. கூட்டும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் கூட்டுவேன்.

வேறு சேலை வாங்க எங்களிடம் வழி இருக்கவில்லை. அறுவடைக் காசில் ஆஸ்பத்திரி போக மிஞ்சினது அந்தப் பார்சலுக்குப் போய்விட்டது. இதையே சாத்திவிடுவோம், அம்மனுக்கு மனசு தெரியும் என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடினேன். திங்கட்கிழமை வற்றாப்பளைக்குப் போனோம். சனத்துக்குள் இடம் பிடித்து அக்கா பொங்கினாள். அத்தான் தடியோடு பக்கத்தில் நின்றார். சேலைத் தட்டோடு போன சனத்துக்குப் பின்னால் அக்கா வெறுங்கையோடு போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் எண்டு சொன்னனான். ஏன் எண்டு அவா கேக்கேல்லை," என்றாள். பிறகு அத்தானின் கையைப் பிடித்துப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதோ என்று. இன்றைக்கும் அப்படித்தான் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள். அவளுக்கு இந்த ஒரு வருடப் பயத்தையும் சேர்த்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறார்கள்.

சேலை அலுமாரிக்குள் கிடக்கிறது. அம்மன் பேரில் மஞ்சள் வைத்ததை உடுக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது. மாணிக்கத்தாரை நான் கடைசியாகக் கண்டது கடைசி இடப்பெயர்வின்போது, உழவு மெசினின் பெட்டியில் துணி மூட்டைகளுக்கு மேல் படங்கு கட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரைக் கண்டவர்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடை இருந்த இடம் வெறும் நிலம். நேற்று அந்த முகநூல் பக்கத்தில் இருந்து புதிதாக ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள், இனிமேல் திருப்பி அனுப்புவதாக இருந்தால் அதை நிரப்ப வேண்டுமாம். பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம். காரணம் என்று ஒரு கட்டம், அதற்குள் தெரிவுசெய்ய மூன்று சொல்: அளவு, நிறம், சேதம். சேட்டைத் திருப்பிக் கொண்டுவந்த அந்த அம்மா இதில் எதைத் தொட்டிருப்பா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலிருந்து கீழே இரண்டு தரம் வாசித்தேன். ஆருக்கு என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை.