மெட்டை எடுத்துப் பார்த்தேன்

செய்தி வந்தபோது மாதுங்கா நிலையத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். "சார், தாராவி ஞானமுத்து போயிட்டார். நம்ம சங்க மலருக்கு அஞ்சலி நீங்கதான் எழுதணும்" என்றார் தமிழ்ச் சங்கச் செயலாளர். நானா? என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்தப் பம்பாயில் கிடையாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

தாராவியில் சாவு வீட்டுக்குப் போன யாரும் அவர் பாட்டைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். பிழைப்புக்குப் பை தைத்தார். துக்க வீட்டில் இறந்தவரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "காலையில எந்திரிச்சதும் என்ன செய்வாவ?" பதிலிலிருந்து பாட்டு பிறக்கும்.

ஒருமுறை சங்கத்தின் இலக்கிய விருதுக்கு அவர் பெயர் வந்தது. நடுவர் ஐந்து பேரில் இரண்டுக்கு இரண்டு. கடைசி ஓட்டு என்னுடையது. "மெட்டை எடுத்துவிட்டால் இதில் என்ன மிஞ்சும்?" என்று கேட்டு எதிர்த்துக் கையெழுத்திட்டேன். விருது ஒரு கவிதை நூலுக்குப் போயிற்று. பிறகு பார்த்தபோது அதை அவரிடமே சொன்னேன். சிரித்தார். "எடுத்துப் பாருங்க சார். மெட்டு தனியா வந்துச்சா வரலையான்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க."

மறு வருடம் என் மனைவி இறந்தாள். கூப்பிடாமலே வந்தார். அதே கேள்வி. "டிபனை வச்சு, என் பை ஜிப்பை இழுத்து மூடிட்டு, டிரெயின்ல விட்டுட்டு வந்துடாதீங்கோன்னு சொல்லுவா" என்றேன். அதை அப்படியே பாட்டில் வைத்தார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

செய்தி கேட்டுப் போனபோது அவர் வீட்டில் எல்லோரும் பாட்டில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். "சார், நீங்க எழுதுறவங்கல்லா. அப்பாவுக்கு நாலு வரி எழுதித் தாங்க" என்றாள் மகள். பன்னிரண்டு புத்தகம் போட்டவன் நான். தாளை வாங்கிக்கொண்டு, காலையில் அப்பா என்ன செய்வார் என்று கேட்டேன்.

"தான் பாடுன ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி, பாட்டுல குறையிருந்தா பொறுத்துக்கிடுங்கன்னு ஜெபம் பண்ணுவாவ. உங்க வீட்டம்மா பேரும் அதுல உண்டு சார்."

ஒரு வரியும் எழுத வரவில்லை. தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன்.

அவர் கையால் எழுதித் தந்த மனைவியின் பாட்டு என்னிடம் இருக்கிறது. விருது வாங்கிய நூலும் அலமாரியில் இருக்கிறது. அதில் ஒரு வரிகூட நினைவில்லை. தினமும் காலையில் பை ஜிப்பை நானே மூடுகிறேன். மூடும்போதே பாட்டு தொடங்கிவிடுகிறது, ரயில் சயான் நிலையம் தாண்டியும் விடுவதில்லை. மெட்டில்லாமல் வெறும் சொற்களாக அதை வாசித்துவிட எத்தனையோ முறை முயன்றுவிட்டேன்.

வரவில்லை, அண்ணாச்சி. சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன்.