வீதி இல்லை அக்கா

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு நிற்கும்போதுதான் செய்தி வந்தது. நயினாதீவில் ஒரு கல்யாண மண்டபத்தின் தரையில் விரித்த காப்பெற்றைக் கழுவ அன்று வருவதாகச் சொல்லியிருந்தோம். கழுவுகிற மெசினைப் படகில் ஏற்றிவிட்டு அதன் குழாயைச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். என்னோடு வேலை செய்த ராணி அக்காவின் தம்பி மகன் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தான். "மாமி போயிட்டா" என்றான். எங்கள் மெசினைக் கண்டாலே யானைக்குட்டி வந்துவிட்டது, இடம் விடுங்கோ என்று பகிடி பண்ணும் படகுக்காரர் என் முகத்தைப் பார்த்து விசயத்தை விளங்கிக்கொண்டார். மெசினைத் தானே தூக்கித் திரும்பவும் துறையில் இறக்கி வைத்தார். மண்டபத்துக்காரருக்குத் தான் சொல்லிவிடுவதாகவும், நிற்கிற பஸ்ஸில் ஏறும்படியும் சொல்லி என்னை அனுப்பினார்.

செல்வராணி என்ற பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்கு ஆளைத் தெரியாது. வீதி இல்லை அக்கா என்றால்தான் தெரியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் நானும் எழுதவேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். எங்கள் ஊர் நினைவு மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் பொறுமையின் சிகரமாகவும் இன்சொல் தவிர வேறு சொல் அறியாதவர்களாகவும் இருப்பார்கள். அக்கா அப்படிப்பட்டவர் இல்லை. நேரம் சுணங்கி வந்தால் ஏசுவார். தேத்தண்ணியில் சீனியை அள்ளிக் கொட்டிவிட்டு, அதைக் குடிக்காதவர்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அந்தப் பிடிவாதத்தால் மிகவும் நன்மை அடைந்தவள் நான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் வேலணைக் கிளையில் வேலை செய்தோம். அவர் என்னைவிட மூத்தவர், வருகிறவர்களோடு பேசும் மேசையில் இருந்தார். நான் காசாளர். கிளையை மூடி எங்களை வவுனியாவுக்கு மாற்றப்போவதாக ஒருநாள் அறிவித்தார்கள். அக்கா கல்யாணம் முடிக்காதவர். கனடாவில் இருக்கும் தமக்கையின் வீட்டைப் பார்த்துக்கொண்டு இறுப்பிட்டியில் தனியாக இருந்தார். அவர் நினைத்தால் போயிருக்கலாம், இந்த வயதில் வாடகை அறை தேட மனமில்லை என்றுதான் நின்றுவிட்டார். என் நிலைமை வேறு. கணவர் நோயில் போய்ச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. மகள் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பளத்தில் இரண்டு இடத்தில் அடுப்பு எரிக்க முடியாது. ஆகவே குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதென்று முடிவெடுத்தேன். மகளை என் அம்மாவிடம் விடுவதாக ஒழுங்கு செய்து பாஸ்போட்டுக்குப் படமும் எடுத்துவிட்டேன்.

அந்தப் படத்தை அக்காவிடம் காட்டினேன். அங்கே என்ன வேலை என்று கேட்டார். வீடு கூட்டித் துடைக்கிறது, உடுப்புக் கழுவுகிறது, காப்பெற் கழுவுகிறது என்று ஏஜென்சிக்காரர் சொன்னதைச் சொன்னேன். படத்தைத் திருப்பித் தந்தார்.

"அங்க போய் ஆரின்ரையோ வீட்டில கழுவப்போறதை இஞ்ச எங்கட ஊரில கழுவுவம். நீர் போகவேண்டாம், வசந்தி."

பகிடி என்றுதான் நினைத்தேன். அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். வெளிநாடு போன எங்கள் சனம் தீவில் கட்டிய வீடுகளை நீங்கள் அறிவீர்கள். விறாந்தையிலிருந்து படுக்கையறை வரை காப்பெற் விரித்திருப்பார்கள். வருடத்தில் பெரும்பகுதி கதவு பூட்டிக் கிடக்கும். திருவிழாவுக்கென்று பிள்ளைகுட்டிகளோடு வந்து கதவைத் திறந்தால் பூஞ்சணம் மணக்கும். அக்காவின் தமக்கை வந்து நின்றபோது பேரப்பிள்ளைக்கு முதல் நாளே இழுப்பு வந்துவிட்டதாம். காப்பெற்றைக் கிளப்பிப் பார்த்தால் அடியில் ஒரு படை மண். பட்டணத்தில் கழுவிக் கொடுக்கிறவர்களைக் கேட்டதற்கு, தீவுக்கு வர முடியாது, கொண்டுவந்தால் செய்து தரலாம் என்றார்களாம். ஒரு முழு அறையின் காப்பெற்றை யார் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது? அக்கா அதே கடையில் போய் நின்று வேலை பழகினார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீரைப் பாய்ச்சித் தானே உறிஞ்சியெடுக்கும் ஒரு பழைய மெசினைத் தேடிப்பிடித்து வாங்கினார். என்னிடம் ஒரு வருடம் மட்டும் கேட்டார். அதற்குள் சரிவராவிட்டால் தானே என்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் காப்பெற் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வீதிதான். தார் போட்டு மழமழவென்று ஆக்கிய வீதி காப்பெற் வீதி. தங்கள் வீட்டு ஒழுங்கையும் எப்போது காப்பெற் வீதி ஆகும் என்று காத்திருக்கிற சனம் எவ்வளவு என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. "காப்பெற் வேலை சிறந்த முறையில் செய்து தரப்படும்" என்று எழுதி, தொலைபேசி எண்ணோடு பலகையைச் சந்தியில் கட்டினோம். முதலில் அழைத்தவர் நெடுந்தீவிலிருந்து ஒரு பெரியவர். தங்கள் பக்கம் எப்போது வருவீர்கள் என்று கேட்டார். அக்கா சந்தோசம் தாங்காமல் எவ்வளவு நீளம் என்று கேட்டார். கோயிலடியிலிருந்து கடற்கரை வரைக்கும் என்று பதில் வந்தது. எங்களுக்குத் தலை சுற்றியது. நாங்கள் வீட்டுக்குள் கிடக்கிற காப்பெற்தான் பார்க்கிறோம் என்று அக்கா விளங்கப்படுத்தினார். "வீட்டுக்குள்ளயும் தார் போடுறியளோ?" என்று கேட்டார் பெரியவர்.

அடுத்து வந்த அழைப்புகளும் அப்படித்தான் இருந்தன. ஓர் அம்மா, தன் மகன் வீதிக் குழியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்ததற்கு எங்களைப் பிடித்து ஏசினார். அக்கா ஏச்சு முடியும்வரை கேட்டிருந்து, பெடியனுக்குக் காயம் மாறிவிட்டதா என்று விசாரித்தார். பிறகு பலகையைக் கழற்றிவந்து அடியில் தன் கையாலேயே பெரிதாக எழுதினார்: "வீட்டுக் காப்பெற் மட்டும். வீதி இல்லை." போகிற வருகிற பஸ்ஸெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்தது. அப்படிச் சிரித்தவர்களில் சிலர்தான் எங்களை முதலில் வீட்டுக்கு அழைத்தார்கள்.

சிரிப்பு கனகாலம் நிற்கவில்லை. பிரான்சிலிருந்து ஊரோடு வந்துவிட்ட ஒரு தம்பதியின் வீடு எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. கிணற்றுத் தண்ணீரால் கழுவினோம். கிணறு உவர் என்பது பிறந்த நாள் முதல் தெரிந்ததுதான். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று தலை முழுக நல்ல தண்ணீர் தேடுகிறவர்கள் நாங்கள். ஆனால் பட்டணத்தில் வாங்கிய திரவம் உவர்த் தண்ணீரிலும் பொங்கி நுரைத்தது. நுரையைக் கண்ட சந்தோசத்தில் தண்ணீரை மறந்துபோனோம். காப்பெற் காய்ந்து அழகாகத்தான் இருந்தது. மாரி மழை தொடங்கியதும் உள்ளே இருந்த உப்பு ஈரத்தை இழுக்கத் தொடங்கியது. கால் வைத்தால் பிசுபிசுத்தது. வெயில் எறித்த நாளில் வெள்ளை பூத்தது. கதை ஊரெல்லாம் பரவி, வரச் சொன்ன மற்ற வீடுகளும் வேண்டாம் என்றன.

அந்தக் கிழமைதான் சுவிசிலிருந்து என் கணவரின் அண்ணன் அழைத்தார். எங்கள் வீட்டுப் பெண் ஊர் வீடுகளுக்குள் புகுந்து கழுவித் திரிவதா என்று கேட்டார். கழுவுகிற வேலையை யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லாத ஒரு கணக்கு எங்கள் ஊரில் இருக்கிறது. உங்களுக்கும் அது தெரியும், விரிக்கவேண்டியதில்லை. குவைத்துக்குப் போகிறேன் என்றபோது அவர் மறுப்புச் சொன்னதில்லை. அங்கே கழுவினால் ஊர் பார்க்காது. எனக்குக் கோபம் வந்தாலும் எதிர்த்துப் பேசத் துணிவில்லை. ஏஜென்சிக்காரருக்குத் திரும்பவும் தொலைபேசி எடுத்தேன். அக்காவிடம் போய், "என்னால ஏலாது அக்கா" என்றேன்.

அக்கா எனக்குப் புத்தி சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்து, சுவிசில் இருக்கும் அண்ணனுடைய எண்ணை எடுத்துத் தரச் சொன்னார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். தான் யாரென்று சொல்லிவிட்டு, "தம்பி, நீர் அங்க என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்டார். அவருக்கு அங்கே ஹோட்டல் ஒன்றில் மேற்பார்வை வேலை என்றுதான் நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம். கடைசியில், "கிளீனிங் தான் அக்கா" என்றார். இனிக் குத்திக்காட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அப்ப உமக்குத் தெரிஞ்சிருக்கும். காப்பெற் காய்ஞ்ச பிறகும் பிசுபிசுக்குது, தம்பி. நாங்கள் எங்க பிழை விட்டனாங்கள்?"

அக்கா உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது அந்த அண்ணனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். முதலில் ஒற்றைச் சொல்லாகப் பதில் சொன்னவர் பிறகு நிறுத்தவில்லை. திரவத்தைக் குறைக்கவேண்டும், கடைசி அலசலுக்கு உவர் கூடவே கூடாது, தண்ணீர் வராமல் போகும்வரை திரும்பத் திரும்ப உறிஞ்சவேண்டும் என்றார். எத்தனையோ வருடமாக ஊருக்கு மறைத்து வைத்திருந்த வேலையைப் பற்றி அன்றைக்கு ஆசையோடு பேசினார். முடிவில் என்னிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, "பிள்ளை, அந்த அக்கா சொல்லுறமாதிரிச் செய்" என்றார். பிறகு ஊருக்கு வந்த ஒருவரிடம் நல்ல பிரஷ்களும் கொடுத்துவிட்டார். நான் ஏஜென்சிக்காரருக்கு வரவில்லை என்று சொன்னேன்.

உவர் இல்லாத தண்ணீருக்கு எங்கே போவது என்பது அடுத்த தலையிடி. குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருகிற ஊர். எங்கள் வேலையைக் கேள்விப்பட்ட அயலவள் ஒருத்தி, குடிக்கத் தண்ணீர் இல்லை, உங்களுக்குக் காப்பெற் கழுவக் கேட்குதோ என்று தண்ணீர் வரிசையில் வைத்தே கேட்டுவிட்டாள். குடிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டும் காப்பெற்றுக்கு இல்லை என்று அக்கா அன்றே எனக்குச் சட்டம் போட்டார். பூட்டிக் கிடந்த அந்தப் பெரிய வீடுகளுக்கெல்லாம் பெரிய கூரையும் இருந்தது. சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, கூரை விளிம்பில் தண்ணீர் வழியப் பீலி பூட்டி, கீழே தண்ணீர்த் தாங்கி வைத்து மாரி மழையைப் பிடித்தோம். காப்பெற்றை முதலில் வெயிலில் போட்டு அடித்து, மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொடுவோம். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீர். பிரான்ஸ் வீட்டுக் காப்பெற்றைத் திரும்பப் போய்க் கழுவிக் கொடுத்தோம். அடுத்த மாரியில் அந்த அம்மா வெறுங்காலோடு அதில் நடந்து காட்டினார். கோடையில் தாங்கிகளில் மிஞ்சிய தண்ணீரைச் சமைக்க அள்ளலாம் என்று அக்கா அயலில் சொல்லிவைத்தார். வரிசையில் கேட்டவள்தான் முதல் வாளியோடு வந்தாள். அக்கா வாளியை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். எனக்குத்தான் நாலு வார்த்தை சொல்ல வாய் துடித்தது.

ஒரு வீட்டுக்குப் போனால் அக்கா முதலில் ஒரு பீரிஸ் தட்டுக் கேட்பார். தேத்தண்ணிக்கு என்று வீட்டார் நினைப்பார்கள். காப்பெற்றைக் கிளப்பும்போது அடியிலிருந்து வருகிற ஊசி, பொத்தான், ஒற்றைத் தோடு, மடித்த கடுதாசி எல்லாவற்றையும் அதில் போட்டு, கழுவத் தொடங்க முதலே வீட்டாரிடம் கொடுத்துவிடுவார். ஒருமுறை ஒரு கடுதாசியை நான் விரிக்கப் போனேன். "காப்பெற்றுக்குக் கீழ கிடக்கிறது அவையின்ரை கதை. எங்கட வேலை மண்" என்று கையிலிருந்து வாங்கிவிட்டார். எங்கள் ஊரில் இப்படி ஒருவரா என்று நான் நினைத்துக்கொண்டேன். வம்பு கேட்பதில் எனக்கு உள்ள ஆசையை நீங்கள் அறிவீர்கள்.

பிறகு அவருக்கு இதயம் பலவீனமானது. பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். பாரம் தூக்காமல் வந்து, கதிரையில் இருந்து என்னை ஏவினார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நயினாதீவு வேலை எப்போது என்றுதான் கேட்டார். சொன்னேன். "சொன்ன நாளில போம், என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதையும்" என்றார். அந்த நாளில்தான் போய்ச் சேர்ந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் மண்டபத்துக்குப் போய் வேலையை முடித்துக் கொடுத்தேன். அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. படகில் தனியாக இருந்தது மட்டும் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மெசினும் பலகையும் என்னிடம்தான் இருக்கின்றன. ஆனால் அக்கா எனக்குத் தந்தது எது என்று கேட்டால் நான் வேறொன்றைத்தான் சொல்வேன். குவைத்துக்குப் போயிருந்தால் என் மகள் வளர்ந்ததைத் தொலைபேசியில் பார்த்திருப்பேன். நான் போகவில்லை. அவள் உயர்தரம் முடிக்கும்வரை பள்ளிக்கூட நாள் ஒவ்வொன்றிலும் காலையில் என் முன்னால் சம்மணம் கொட்டி இருந்து பாடத்தை முணுமுணுப்பாள். நான் அவளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிடுவேன். அம்மா, இறுக்காதேயுங்கோ, நோகுது என்று தினமும் கத்துவாள். அந்தக் காலைகள் எல்லாம் ராணி அக்கா தந்தவை. அவருக்கு நான் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை, சொல்லியிருந்தால் ஏசியிருப்பார். இப்போது சொல்கிறேன்.

செத்தவீட்டுக்கு மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். இப்போதெல்லாம் தலையை விரித்துவிட்டுத்தான் திரிகிறாள். அன்று காலை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சீப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு எனக்கு முன்னால் கீழே இருந்தாள். பின்னிவிட்டேன். அழுதுகொண்டு பின்னியதில் நன்றாக இறுகிவிட்டது. அவள் நோகுது என்று சொல்லவே இல்லை.